பதினேழாம் விதி

வால்டிவியாவில் மே மாதம் மழை தொடங்கினால்
குடையை மடக்க செப்டம்பர் ஆகிவிடும்.
அதனால் எங்கள் விதிப்புத்தகத்தின் முதல் விதியே
ஈரக் குடைகளைப் பற்றியது.

மற்றதெல்லாம் யார் யார் என்பதைப் பற்றி.
முழுநேரப் பேராசிரியர்: அறுபது நூல், ஓராண்டு,
கேட்டால் இன்னோராண்டு.
ஆய்வு மாணவர்: இருபது, ஒரு பருவம்.
இளநிலை: ஐந்து.
சமையல்கூடம், துப்புரவு, கொதிகலன் அறை:
இரண்டு. பதினான்கு நாள். புதுப்பிக்க இயலாது.
மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்தும் எனக்கு நான்கு;
டிசம்பர் முப்பத்தொன்றில் ஒப்பந்தம் முடியும்போது
என் அட்டையும் செத்துப்போகும்.
மார்ச்சில் சேர்ந்தே உயிர்த்தெழுவோம்.

எர்சிரா காட்ரிலெஃப், சமையல்கூடம்.
பிற்பகல் மூன்றரைக்கு
வெங்காய வாசனையைப் பாதி கழுவிக்கொண்டு வந்தார்.
தெற்குக் காட்டுக் காளான்கள் பற்றிய பெரிய நூல்,
வண்ணப்படம் போட்டது, இருக்கிறதா?
கணினி சொன்னது: இருக்கிறது, ஆனால் இல்லை.
பேராசிரியர் ஓட்மார் ஹெல்விக்
பதினோரு வருடமாக வைத்திருக்கிறார்,
புதுப்பித்துப் புதுப்பித்து,
பட்டா போட்ட நிலம் மாதிரி.

"எப்போது படித்து முடிப்பார்?"
நான் சிரித்தேன். எர்சிரா சிரிக்கவில்லை.
விதிப்புத்தகத்தை இரவல் கேட்டார்.
அது வெளியே போகாது என்றேன்.
நின்றபடியே படித்தார்,
பருப்பில் கல் பொறுக்குவதுபோல் வரிக்கு வரி விரல் வைத்து.
பின்னால் நான்கு மாணவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"பிறரிடம் உள்ள நூலைத் திரும்பக் கோர
எவருக்கும் உரிமை உண்டு.
வைத்திருப்பவர் ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும்."
விரல் நகரவில்லை.
"எவருக்கும் என்றால் சமையல்கூடத்துக்குமா?"

ஆறு வருடம் அந்த மேசையில் இருந்திருக்கிறேன்.
எழுதியவர் அசந்திருக்க வேண்டும்.
அல்லது அன்றைக்கு அவருக்கு
நல்ல சாப்பாடு கிடைத்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள் ஹெல்விக் வந்தார்,
நூல் பைக்குள், பை மழைக்கோட்டுக்குள்.
"யார் கேட்டது?"
சொல்லக்கூடாது, விதி இருபத்திரண்டு.
"துறையில் யாரும்..." என்று விரல் மடக்கி எண்ணினார்.
கட்டைவிரலோடு துறை தீர்ந்துவிட்டது.

பக்கங்களுக்கு நடுவே பேருந்துச் சீட்டு,
மருத்துவர் எழுதிய சீட்டு,
மூடிப்போன ரொட்டிக்கடையின் காகிதம்.
நான் ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்க
அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.
அப்போதுதான் அவருக்கு வயதாகிவிட்டது தெரிந்தது.
உடனே, அங்கேயே, மறுகோரிக்கை போட்டார்.
பதினேழு அவருக்கும்தானே.

ஆனால் பதினெட்டு என்று ஒன்று இருக்கிறது:
எடுத்தவர் எவரானாலும் முதல் பதினான்கு நாள் அவருடையது,
வானமே இடிந்தாலும்.

தினமும் வந்தார், குடை சொட்டச் சொட்ட.
"வந்ததா?"
"இல்லை, பேராசிரியரே."
பன்னிரண்டரைக்கு அவர் தட்டில் பயறுக் குழம்பு ஊற்றியவர்
முகம் நிமிர்த்தவில்லை என்று கேள்வி.
இவரும்தான் நிமிர்த்தவில்லை.

பதினான்காம் நாள், மூட ஐந்து நிமிடம் இருக்க,
மாவுப் பையில் சுற்றி எடுத்து வந்தார் எர்சிரா.
விதிப்படி புரட்டிப் பார்த்தேன்.
மடிப்பு இல்லை, கறை இல்லை.
பென்சில் கோடுகள் எல்லாம் பேராசிரியருடையவை,
அபராதம் போட எனக்குத் தைரியம் இல்லை.

"கிடைத்ததா?"
"கொதிகலன் அறைக்குப் பின்னால் சாம்பலாக ஒன்று முளைக்கிறது.
அது இதில் இல்லை."
சொல்லிவிட்டு
பேனாவைக் கேட்டு வாங்கி
மறுபடியும் ஒரு கோரிக்கைச் சீட்டு நிரப்பினார்.
"இல்லையென்றால் எதற்கு?"
"பாதிதான் பார்த்திருக்கிறேன்."

அன்று முதல் நூலுக்கு இரண்டு வீடு.
ஹெல்விக் அட்டையைத் தேய்த்தால் எர்சிரா சீட்டு எழுதுவார்,
எர்சிரா சீட்டு எழுதினால் ஹெல்விக் கதவைத் தள்ளுவார்.
வரும்போது ஒருமுறை பூண்டு, ஒருமுறை சுருட்டு.
முதுகுத்தையல் விட்டுப்போய் நானே ஒட்டினேன்.

இன்று டிசம்பர் பதினேழு.
என் அட்டைக்கு இன்னும் பதினான்கு நாள் உயிர்.
வரிசையில் மூன்றாவதாக என் பெயரை எழுதி
நானே முத்திரை குத்திக்கொண்டேன்.
காளான் எனக்கு ஆகாது, அது வேறு விஷயம்.